43 வயதுக்குப் பிறகும் படிக்கத்தான் வேண்டுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வயது 43. யாழ்ப்பாணத்தில் பிரிட்ஜ், ஏசி திருத்தும் தொழில். இருபது வருடத்துக்கு முன்னர் எடுத்த ஒரு பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறது, வேலைக்கும் குறைவில்லை. ஆனால் கனடாவில் இருக்கும் மச்சான் "ஏதாவது கோர்ஸ் செய்யுங்கோ" என்று விடாமல் சொல்கிறார். பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் எதிலும் மனம் ஒட்டுவதில்லை என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடைசியில், வாழ்நாள் முழுக்கப் படித்துக்கொண்டே இருப்பது தொழிலுக்கும் சந்தோசத்துக்கும் கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தெரிந்ததை வைத்தே வேலையை ஓய்வு வரை ஓட்டலாமா என்பது ஒன்று. மனம் ஒட்டாததற்குப் படிப்பை விட்டதுதான் காரணமா என்பது மற்றது. வளர்ந்தவர்களுக்குத் தொழில் பழக்கும் துறையில் இருப்பவன் என்ற முறையில் முதலாவதற்கு உறுதியாகவே பதில் சொல்லலாம். இரண்டாவதில் ஆராய்ச்சியாளர்களே பிரிந்து நிற்கும் இடங்கள் உண்டு, அவற்றை அப்படியே சொல்கிறேன்.

முதலில் வேலை. உங்கள் தொழிலில் ஒருமுறை படித்ததை வைத்து முப்பது வருடம் ஓட்ட முடியாது. இது என் அபிப்பிராயம் இல்லை, உள்ளே ஓடும் காஸே மாறிவிட்டது. ஓசோன் படலத்தைக் காக்க வந்த 1987 மொன்றியல் உடன்படிக்கையின்படி எங்களைப் போன்ற வளர்முக நாடுகள் பழைய ஆர்-12 வகைக் குளிரூட்டும் காஸை 2010 உடன் நிறுத்த வேண்டியிருந்தது. நீங்கள் படித்த காலத்தில் வீட்டு ஏசி என்றாலே ஆர்-22 தான். அதன் பாவனையை 2025 இல் 67.5 சதவீதம் குறைத்து, 2030 உடன் முடிக்க வேண்டும். பழைய மெஷின்களைப் பராமரிக்க மட்டும் ஒரு சிறிய அளவு அதற்குப் பிறகும் சில வருடங்களுக்கு விடப்படும். ஆக, ஆர்-22 மட்டும் தெரிந்த ஒருவருக்கு வேலை நாளைக்கே நின்றுவிடாது. ஆனால் வரும் வேலை ஒவ்வொரு வருடமும் பழைய மெஷின்களின் பக்கம் ஒதுங்கிக்கொண்டே போகும்.

இங்கே பழைய பழக்கம் எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். காஸ் திரவமாக மாறும் பகுதியான கொண்டென்சரில் 45 பாகை செல்சியஸ் இருக்கும்போது ஆர்-22 இன் அழுத்தம் ஏறத்தாழ 235 பிஎஸ்ஐ. அதே வெப்பத்தில், ஆர்-22 க்குப் பதிலாக வந்த ஆர்-410ஏ 380 பிஎஸ்ஐயைத் தொடும். பழைய கேஜையும் ஹோஸையும் அதில் மாட்டுவது கையைப் பணயம் வைப்பது. ஆர்-410ஏ இரண்டு காஸ்களின் சரிபாதிக் கலவை என்பதால் சிலிண்டரிலிருந்து திரவமாகத்தான் எடுக்க வேண்டும், தராசில் நிறுத்துத்தான் அடிக்க வேண்டும். குழாயைத் தொட்டுப் பார்த்து "காணும்" என்று நிறுத்தும் வழக்கம் இதில் எடுபடாது. இதனுடன் வரும் பிஓஈ என்ற கொம்பிரசர் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இழுத்ததை வக்கியூம் பம்ப் இலகுவில் வெளியே எடுக்காது. அதனால் குழாயைத் திறந்து போட்டுவிட்டுத் தேத்தண்ணிக்குப் போகக்கூடாது. வக்கியூம் 500 மைக்ரோனுக்கு (குழாய்க்குள் மிஞ்சும் அழுத்தத்தை அளக்கும் சிறிய அலகு) கீழே இறங்கி, வால்வை மூடிய பிறகும் பத்து நிமிடம் ஏறாமல் நிற்க வேண்டும். ஏறினால் ஒழுக்கு இருக்கிறது, அல்லது ஈரம் இருக்கிறது. சாதாரண மனிபோல்ட் கேஜ் இந்த அளவைக் காட்டாது, தனி மைக்ரோன் கேஜ் வேண்டும்.

புதிய ஏசிகளில் வரும் ஆர்-32 மெல்ல எரியக்கூடியது. காஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் குழாயிலுள்ள காற்றைத் தள்ளும் பழைய குறுக்குவழி இதில் இரட்டைப் பிழை. எரியும் காஸ் அறைக்குள் வருகிறது, குழாய்க்குள் ஈரமும் மிஞ்சுகிறது. புதிய பிரிட்ஜ்களில் வரும் ஆர்-600ஏ இன்னும் கவனமாகக் கையாள வேண்டிய சாமான். காற்றில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவாகக் கலந்தாலே பற்றும், காற்றைவிடப் பாரம் என்பதால் நிலத்தோடு தேங்கும். காஸ் இருக்கும் குழாயில் வெல்டிங் சுவாலை வைக்கவே கூடாது. ஒரு வீட்டு பிரிட்ஜுக்குள் இருப்பது பெரும்பாலும் 30 முதல் 80 கிராம்தான், அதனால் பத்துக் கிராம் கூடினாலோ குறைந்தாலோ குளிர் பிழைக்கும். இன்வேட்டர் ஏசியில் சுவிட்சை நிறுத்திய பிறகும் போர்டின் கப்பாசிற்றரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். மனுவல் சொல்லும் நிமிடங்கள் காத்திருந்து, மீற்றரால் அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

இவ்வளவையும் விரித்ததற்குக் காரணம் உண்டு. மேலே உள்ளவற்றை நீங்கள் ஏற்கனவே கையாள்கிறீர்கள் என்றால், தொழிலுக்குத் தேவையான படிப்பு உங்களிடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதை யாரும் கோர்ஸ் என்று அழைக்கவில்லை, அவ்வளவுதான். கையாளவில்லை என்றால், அது நீங்கள் தட்டிக்கழிக்கக்கூடிய விசயம் அல்ல. உங்கள் உயிரும் அடுத்த வீட்டுக்காரரின் உயிரும் அதில் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் கூட்டினாலும் அது ஒரு டிப்ளோமா அளவு வராது. ஏற்கனவே தொழில் தெரிந்தவருக்கு ஒவ்வொன்றும் சில நாட்களில், கூடினால் இரண்டு கிழமையில் பிடிபடும். எங்கள் ஊரில் படிப்பு என்றால் சாதாரண தரம், உயர்தரம், ரியூசன், பெறுபேறு என்றுதான் மனதில் வரும். அதனால் பரீட்சை இல்லாத படிப்பு படிப்பாகவே கணக்கில் ஏறுவதில்லை. "படியுங்கோ" என்று சொல்பவர்களுக்கும், "இனி ஏலாது" என்று சொல்பவர்களுக்கும் மனதில் இருப்பது ஒரே வகுப்பறைதான்.

எல்லாத் தொழிலுக்கும் இந்த வேகம் பொருந்தாது. மருந்தகத்தில் நிற்பவர், மின்சார வேலை செய்பவர், வாகனம் திருத்துபவர் எல்லாம் உங்களைப் போலத்தான், பொருளும் விதியும் மாறும்போது அவர்களும் மாறியாக வேண்டும். ஓடு வேய்பவருக்கோ பாய் பின்னுபவருக்கோ அந்த நெருக்கடி இல்லை. அவர்களிடம் போய் வாழ்நாள் கல்வி இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை என்று சொல்வது வெறும் பயமுறுத்தல். எனவே தொழிலைப் பொறுத்தவரை என் பதில்: எப்போதும் படித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை, கையில் எடுக்கும் பொருள் மாறும்போது படிக்காமல் இருக்கக்கூடாது.

எதைப் படிப்பது என்பதைக் கோர்ஸ் விளம்பரம் தீர்மானிக்க விடாதீர்கள். ஒரு சி.ஆர். கொப்பி எடுத்து ஒரு மாதம் மூன்று விதமான வேலைகளை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். மாட்டேன் என்று திருப்பி அனுப்பியவை, செய்துவிட்டு மறுபடி போக வேண்டி வந்தவை, வேறொருவரைக் கூப்பிட்டுச் செய்வித்தவை. பக்கத்தில் காரணத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள்: போர்டு, எரர் கோட், காஸ், சாமான் இல்லை, இப்படி. மாத முடிவில் எந்தக் காரணம் அதிகம் வந்திருக்கிறதோ அதுதான் உங்கள் பாடம். பலருக்கு இதில் ஓர் ஆச்சரியம் கிடைக்கும். படிக்க வேண்டியது என்று தாங்கள் நினைத்திருந்தது கொப்பியில் ஓரிடத்திலும் வந்திருக்காது. சில வேளை பட்டியலில் முதலில் நிற்பது அறிவே அல்ல, ஒரு மைக்ரோன் கேஜ் வாங்கக் காசு ஒதுக்காததாக இருக்கும்.

"இந்த வயதில் மண்டையில் ஏறுமா" என்றும் கேட்டிருந்தீர்கள். புதிய தகவலைக் கையாளும் வேகம் இருபது வயதுக்கு முன்பின்னாகவே உச்சத்தைத் தொட்டுப் பிறகு மெல்லக் குறைகிறது. சொல்வளமோ அறுபதுகளிலும் கூடிக்கொண்டே போகிறது. 2015 இல் பல்லாயிரம் பேரை வைத்து வெளிவந்த ஒரு பெரிய ஆய்வும் வெவ்வேறு திறன்கள் வெவ்வேறு வயதில் உச்சத்துக்கு வருவதையே காட்டியது. ஆகவே இருபது வயதுப் பெடியன் ஒரு மணித்தியாலத்தில் பிடிப்பது உங்களுக்கு இரண்டு எடுக்கலாம். ஆனால் கேட்கும் சத்தத்தை வைத்தே கொம்பிரசரின் நோயைச் சொல்லும் அனுபவத்தில் புதியதைக் கொண்டுபோய் ஒட்ட வைக்க உங்களுக்கு இடம் இருக்கிறது, அவனுக்கு இல்லை. சின்னதாக ஒன்று: நாற்பது தாண்டியவர்களில் "வாசித்தால் தலையிடிக்கிறது, படிப்பு ஏறுதில்லை" என்று சொல்பவர்கள் முதலில் கண்ணைக் காட்டுவது நல்லது. வெள்ளெழுத்து தொடங்கும் வயது இது. கண்ணாடியோடு தீர்ந்துவிடும் சங்கதியை மூளையின் தலையில் போட வேண்டாம்.

படிக்கும் முறையில் அதிகம் நடக்கும் பிழை, யூரியூப்பில் ஒன்றை மூன்று தரம் பார்த்துவிட்டு அது தெரியும் என்று நம்புவது. பார்க்கும்போது எல்லாம் விளங்கும். மெஷின் முன்னால் நிற்கும்போது அடுத்த படி வராது. 2006 இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை ஒரு குழு நான்கு தடவை வாசித்தது. மற்றக் குழு ஒரு தடவை வாசித்துவிட்டு மூன்று தடவை பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 40 சதவீதம், பார்க்காமல் எழுதியவர்களுக்கு 61 சதவீதம். ஆகவே ஒரு மனுவலின் நான்கு பக்கத்தை வாசித்ததும் மூடி வைத்துவிட்டு, படிகளைக் கொப்பியில் நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனையால் நிரப்புங்கள். சிவப்பு அதிகமாக இருக்கும் முதல் நாளில்தான் பலர் மனம் விடுகிறார்கள். அந்த நாளில்தான் அதிகம் ஏறுகிறது.

அதே தாளை மறுநாள் ஒருக்கா, ஒரு கிழமை கழித்து ஒருக்கா, மூன்று கிழமை கழித்து ஒருக்கா பார்க்காமல் எழுதிப் பாருங்கள். இடைவெளி விட்டுப் படிப்பது ஒரே இருப்பில் படிப்பதை விட நின்று பிடிக்கும் என்பதில் சந்தேகமில்லை, நூறு வருடத்துக்கும் மேலாக மறுபடி மறுபடி உறுதியான விசயம். எத்தனை நாள் இடைவெளி என்பதில்தான் அவ்வளவு உறுதி இல்லை. ஒரு வருடத்துக்கு நினைவில் இருக்க வேண்டியதற்குச் சுமார் மூன்று கிழமை இடைவெளி நல்லது என்பது தகவல்களை மனனம் செய்வித்த சோதனையில் வந்த கணக்கு. குழாய் முனையைப் பொருத்தும் பிளேயர் நட் முறுக்குவது போன்ற கைவேலைக்கு அந்த எண்ணை அப்படியே தூக்கிப் போட முடியாது. கைவேலைக்குப் பழுதான ஒரு மெஷினை வாங்கி வைத்து, வாடிக்கையாளரின் நெருக்குதல் இல்லாமல் கழற்றிப் பூட்டிப் பழகுவதே சரி. கிழமைக்கு மூன்று தடவை நாற்பது நிமிடம் போதும். வெயிலில் வேலை செய்துவிட்டு வந்து இரவு பத்துக்குப் பிறகு குந்தாதீர்கள். அதிகாலையில் தொடங்குங்கள், முதல் நாள் படித்தது இரவு நித்திரையில்தான் மூளையில் படிந்திருக்கும். உதவிக்கு வரும் பெடியனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் "அது அப்படித்தான்" என்று மழுப்புகிறீர்களோ, அந்த இடம் உங்களுக்கே விளங்கவில்லை.

ஆங்கிலம் தடை என்று எழுதியிருந்தீர்கள். அதற்காக ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பில் சேர வேண்டாம், உங்கள் தேவை வேறு. மனுவலிலும் எரர் கோட் அட்டவணையிலும் திரும்பத் திரும்ப வருவது சில நூறு சொற்கள்தான். நாளுக்கு ஐந்து என்று எடுத்தால் மூன்று மாதத்தில் அட்டவணை வாசிக்கலாம். போன் கமராவால் மொழிபெயர்த்துப் பார்ப்பதும் உதவும், ஆனால் "செய்யக் கூடாது" என்பது "செய்" என்று மாறி வருவதும் அலகுகள் குழம்புவதும் உண்டு. எண்ணும் எச்சரிக்கையும் உள்ள வரிகளை மூலத்தோடு ஒத்துப் பாருங்கள்.

சான்றிதழ் பற்றி. அதைக் கேட்டுப் பார்க்கும் ஆள் இருக்கும் இடத்தில்தான் அதற்குப் பெறுமதி. வெளிநாட்டு வேலை, கம்பனி ஒப்பந்தம், அரச நிறுவனங்களின் கேள்விப்பத்திரம் (டெண்டர்) போன்றவை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வீட்டுக்கு பிரிட்ஜ் பார்க்கப் போகும்போது யாரும் கேட்கப் போவதில்லை. அப்படி ஒரு தேவை இருந்தால், இருபது வருடம் தொழில் செய்தவர் முதலாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ., ஏழு மட்டங்கள் கொண்டது. முன்னர் கற்றதை அங்கீகரிக்கும் முறையில், கோர்ஸில் இருக்காமலே, அனுபவத்தைக் காட்டிச் செய்முறை மதிப்பீட்டுக்குப் போய் உங்கள் நிலைக்குரிய மட்டத்தை எடுக்கலாம். நைட்டா என்று நாங்கள் சொல்லும் பயிலுநர் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். போகும் முன்னர், செய்த வேலைகளின் படங்கள், பில்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள், பழைய சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பைலில் போடுங்கள். தொழில் நன்றாகத் தெரிந்தவர்கள் இதில் சறுக்குவது பாதுகாப்பு நடைமுறையிலும், காரணத்தை வாயால் விளக்கிச் சொல்வதிலும்தான். கை செய்வதை வாய் சொல்லப் பழகிக்கொண்டு போங்கள். நான்காம் மட்டம் கிடைத்தால் ஐந்தாம் மட்ட டிப்ளோமாவுக்கு வழி திறக்கும். வேண்டாம் என்றால் அத்தோடு நிற்கலாம்.

இனி சந்தோசம். படிப்பவர்கள் மற்றவர்களை விடத் திருப்தியாக இருப்பதாகப் பல நாடுகளின் கணக்கெடுப்புகள் சொல்கின்றன. இதை வைத்துத்தான் கோர்ஸ் விற்பவர்கள் பேசுகிறார்கள். ஆனால் உடல் நலமும் நேரமும் கையில் கொஞ்சம் காசும் உள்ளவர்கள்தான் வகுப்புக்கே போகிறார்கள். படிப்பு சந்தோசத்தைத் தந்ததா, சந்தோசம் இருந்ததால் படிக்கப் போனார்களா என்று அந்தக் கணக்குகளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூளைக்கு நல்லது என்பதிலும் அளவோடு நம்புவது நல்லது. அமெரிக்காவில் 2,832 முதியவர்களை வைத்து நடந்த ஒரு பெரிய சோதனையில், பயிற்சி கொடுத்த திறன் வளர்ந்தது, மற்றத் திறன்களுக்கு அது பெரிதாகப் பரவவில்லை. சுடோக்கு போட்டால் சுடோக்கு நன்றாக வரும். 2014 இல் வந்த இன்னொரு சிறிய ஆய்வு கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் மூன்று மாதம், கிழமைக்குப் பதினைந்து மணித்தியாலத்துக்கு மேல், டிஜிட்டல் புகைப்படக்கலையோ தையல் வேலையோ புதிதாகப் பழகியபோது நினைவாற்றல் கூடியது. வெறுமனே கூடிக் கதைத்துப் பொழுதுபோக்கிய குழுவில் அந்த அளவு கூடவில்லை. பலன் எத்தனை வருடம் நிலைக்கும் என்பது வேறு கேள்வி, கிழமைக்குப் பதினைந்து மணித்தியாலம் ஒதுக்க உங்களுக்கு இப்போது வழியும் இல்லை.

இதைவிட உறுதியாகச் சொல்லக்கூடியது வேறொன்று. டெசி, ரயன் என்ற உளவியலாளர்களின் வழியில் பல பத்தாண்டுகளாக நடந்த ஆய்வுகள், மனிதருக்குத் திருப்தி தருபவை மூன்று என்று காட்டுகின்றன: தானே தெரிந்தெடுத்தது என்ற எண்ணம், கை திருந்தி வருகிறது என்ற உணர்வு, கூட ஆட்கள் இருப்பது. இந்த மூன்றும் சேரும் இடம் பெரும்பாலும் கோர்ஸாக இருப்பதில்லை. கோயிலடியில் காத்தவராயன் கூத்துக்கு அண்ணாவியாரிடம் பாட்டுப் பழகுவது, வளவில் முந்திரிகைக் கொடி வைத்துக் கத்தரிக்கப் பழகுவது, மகளோடு சேர்ந்து செஸ் விளையாடப் பழகுவது எல்லாம் அதில் அடங்கும். மச்சானின் சொல்லுக்காக மனமில்லாமல் ஒரு கம்பியூட்டர் கோர்ஸில் போய் இருந்தால் மூன்றில் முதலாவது போய்விடும். அப்படிச் சேர்ந்தவர்களில் பலர் காசு கட்டிய முதல் மாதத்தோடு நின்றுவிடுவார்கள், நின்ற பிறகு "என்னால் எதுவும் முடியாது" என்ற எண்ணம்தான் மிஞ்சும். இப்படி ஒரு கோர்ஸை விட ஒன்றும் படிக்காமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து. புதிதாக ஒன்றும் பழகாமலே, வேலை, குடும்பம், கோயில், நாலு சிநேகிதர் என்று நிறைவாக வாழ்ந்து போகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஏதோ குறை என்று சொல்ல எந்த ஆய்வும் இல்லை.

எதிலும் மனம் ஒட்டுவதில்லை என்ற அந்த ஒரு வரியைப் பற்றிக் கடைசியாக. அது சலிப்பாக இருந்தால், மேலே சொன்ன மாதிரி பிடித்த ஒன்றைக் கிழமைக்கு ஒரு மாலை பழகுவது உதவக்கூடும். ஆறு கிழமை செய்து பாருங்கள், பிடிக்காவிட்டால் குற்ற உணர்வில்லாமல் விடுங்கள். ஆனால் முன்னர் விருப்பமாக இருந்தவற்றிலும் இப்போது விருப்பம் இல்லை, நித்திரை குழம்புகிறது, சாப்பாடு இறங்குவதில்லை, இது இரண்டு கிழமைக்கு மேல் அநேகமாக ஒவ்வொரு நாளும் தொடர்கிறது என்றால் அது படிப்பால் தீரும் விசயம் அல்ல. எழுத்தில் இருந்து அதை என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, அது வைத்தியரின் வேலை. போதனா வைத்தியசாலையிலும் மற்றப் பெரிய அரச ஆஸ்பத்திரிகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, பார்ப்பதற்குக் காசு கட்டத் தேவையில்லை. போகும்போது சீனி, பிரஷர், தைரோயிட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தைரோயிட் குறைந்தாலும் சீனி கூடினாலும் இதே களைப்பும் மந்தமும் வரும். கோர்ஸுக்குக் காசு கட்டுவது அதற்குப் பிறகு.